உயிராபத்தைக் குறைக்க எவ்வளவு செலவு செய்யலாம்? ஏற்காடு மலைப்பாதையை வைத்து ஒரு கணக்கு

கிராம சபையிலோ, ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்திலோ "இந்த வளைவில் கிராஷ் பேரியர் போட்டுக் கொடுங்கள்" என்று, அதாவது வண்டி பள்ளத்தில் விழாமல் நிறுத்தும் தடுப்பு வேண்டும் என்று, மனு எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுச் சாலை கேட்டால் எத்தனை லிட்டர் டீசல் மிச்சமாகும், எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று ரூபாயில் காட்டிவிடலாம். ஒருவர் சாகாமல் வீடு திரும்புவதை எந்த ரூபாயில் காட்டுவது? "உயிருக்கு விலை உண்டா?" என்று கேட்டுவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால், கூட்டும்போது அது பூஜ்யமாகத்தான் சேரும். மனு தோற்பது அங்கேதான்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். சொந்த ஊர் சேர்வராயன் மலையில், நாகலூர் பக்கம். அடிவாரத்திலிருந்து மேலே போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் என் குடும்பத்தில் எல்லோரும் ஏறி இறங்கும் வழி. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த யாரும் இந்த மதிப்பைக் கணக்கிடலாம். ஒரு கால்குலேட்டர் போதும்.

கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஒரு குழந்தை விழுந்துவிட்டால் யாரும் செலவுக் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. வளைவில் தடுப்பு போடுவது வேறு விஷயம். அடுத்த வருடம் அந்த வளைவில் யார் பிழைக்கப்போகிறார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. பஸ்ஸில், வேனில், பைக்கில் போகிற எல்லோருக்கும் ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, அவ்வளவுதான். முகம் தெரிந்த ஒருவரைக் காப்பாற்றுவதையும், முகம் தெரியாத பலருக்கு ஆபத்தைக் குறைப்பதையும் தெளிவாகப் பிரித்து 1968இல் எழுதியவர் தாமஸ் ஷெல்லிங். 2005இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். இன்றுவரை இந்தத் துறை அவர் போட்ட பாதையில்தான் போகிறது.

கணக்கு இப்படி. ஒரு சாலையை 10,000 பேர் பயன்படுத்துகிறார்கள். ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, ஒவ்வொருவரும் ஒரு வருடத்தில் சாகும் வாய்ப்பை 10,000இல் 1 அளவுக்குக் குறைக்கிறது. அதற்கு ஆளுக்கு 500 ரூபாய் தரச் சம்மதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 லட்சம். அந்த 10,000 பேரில் வருடத்துக்கு ஒரு சாவு குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே இந்த ஊரில் ஓர் உயிரிழப்பைத் தவிர்ப்பதன் மதிப்பு 50 லட்சம். பாடப்புத்தகத்தில் இதற்குப் புள்ளியியல் உயிரின் மதிப்பு என்று பெயர். சூத்திரம் ஒரே வரி: தரச் சம்மதிக்கும் தொகையைக் குறையும் ஆபத்தால் வகுக்கவும்.

ஆபத்தின் அளவு மனதில் பிடிபடுவதற்கு ஓர் எண்ணை நினைவில் வையுங்கள். 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நம் மாநில மக்கள்தொகைக்கு இது லட்சத்துக்குச் சுமார் 23. அதாவது ஒரே வருடத்தில் ஏறக்குறைய 4,300 பேரில் ஒருவர். தினமும் பைக் ஓட்டுகிறவருக்கு இதைவிட அதிகம் இருக்கும்.

இழப்பீட்டுக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்

மனு எழுதுகிறவர்கள் வழக்கமாக வக்கீலிடம் கேட்டு விபத்து வழக்கின் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு எப்படி என்று பார்த்தால் ஏன் அது இங்கே பொருந்தாது என்பது புரியும். கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டும் 30 வயதுக்காரர், சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவியும் இரண்டு பிள்ளைகளும். 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. அவருடைய சொந்தச் செலவென்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000. 2009இல் சர்லா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 17. விடை 28,56,000.

பறிகொடுத்த குடும்பத்தின் அடுப்பு எரியவேண்டும் என்பதற்காக, சாவுக்குப் பின் போடும் கணக்கு இது. அந்த வேலைக்கு இது தேவைதான். ஆனால் இதில் இறந்தவர் உயிரோடு இருக்க ஆசைப்பட்டதற்கு எந்த இடமும் இல்லை. 66 வயதுப் பாட்டிக்குப் பெருக்கும் எண் 5. வருமானமும் இல்லையென்றால் தொகை எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். தடுப்பு வேண்டுமா என்று தீர்மானிக்கிற இடத்தில் இந்தக் கணக்கை வைத்தால், சம்பாதிக்காதவர் போகும் பஸ்ஸுக்குத் தடுப்பே வேண்டாம் என்று விடை வரும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று. 1980களின் தொடக்கத்தில் தொழிற்சாலை ரசாயனங்களில் ஆபத்தைச் சொல்லும் லேபிள் ஒட்டவேண்டும் என்று ஒரு விதி கொண்டுவரப் பார்த்தார்கள். தொழிலாளர் பாதுகாப்புத் துறை, இழந்த சம்பளம், மருத்துவச் செலவு என்கிற முறையில் உயிரிழப்பைக் கணக்கிட்டது. செலவுதான் அதிகம் என்று விதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு கிப் விஸ்கூசி என்ற பொருளாதார அறிஞர், ஆபத்தைக் குறைக்கத் தொழிலாளர்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற முறையில் அதே கணக்கைப் போட்டார். உயிரிழப்பின் மதிப்பு சுமார் பத்து மடங்கு ஆனது, பயன் செலவைத் தாண்டியது, விதி நிறைவேறியது. மதிப்புப் போடுவதை மனிதநேயமற்ற வேலை என்று நினைக்கும் என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவேன்.

எண்ணை எங்கிருந்து எடுப்பது

ஒன்று, கூலியில் இருந்து. எங்கள் மலையில் காபித் தோட்டத்து நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பெரும்பாலும் சில்வர் ஓக். என் தம்பி சீசனுக்கு அதில் ஏறுகிறான். மூங்கில் ஏணியை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டி, தோளில் சாக்குப் பையை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கொடியை இழுத்து இன்னொரு கையால் கொத்தைக் கிள்ளவேண்டும். காலைப் பனியில் பட்டை ஈரமாக இருக்கும். அடியில் ஒருவர் ஏணியை மிதித்துப் பிடித்திருப்பார். அவர் கவனம் ஒரு நொடி சிதறினாலும் ஏணி உருளும். சில தோட்டங்களில் மூங்கிலுக்குப் பதில் அலுமினிய ஏணி வந்துவிட்டது. அது மின்கம்பியில் பட்டு ஆட்கள் இறப்பது குடகு தொடங்கிக் காபி விளையும் ஊர்களில் எல்லோரும் அறிந்த ஆபத்து.

தரையில் நின்று காபிப் பழம் பறிப்பவருக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய், ஏறி மிளகு பறிப்பவருக்கு 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் 60 நாள் வேலை. கூடுதலாகக் கிடைப்பது 18,000. ஏறுகிறவர்களில் ஒரு சீசனுக்கு 2,000 பேரில் ஒருவர் கூடுதலாக இறக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். 18,000ஐ அந்த ஆபத்தால் வகுத்தால், அதாவது 2,000ஆல் பெருக்கினால், 3 கோடியே 60 லட்சம். இங்கேயே நிறுத்தினால் தவறு. அந்த 300 ரூபாயில் ஏறுகிற திறமைக்கான கூலி இருக்கிறது. கை கால் முறியும் ஆபத்துக்கான பங்கும் இருக்கிறது. திறமைக்குப் பாதியை ஒதுக்கினால் 9,000 மிஞ்சும். அதில் பாதி எலும்பு முறிவுக்கு என்றால், சாவின் ஆபத்துக்கு 4,500. அப்போது விடை 90 லட்சம். எதை எவ்வளவு கழிக்கிறீர்கள் என்பதில்தான் விடை நாலில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதனால் ஒரே திறமை வேண்டிய, ஆபத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு வேலைகளைத் தேடி ஒப்பிடுங்கள். ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வயது, படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து இதைத்தான் செய்கிறார்கள். கே. ஆர். சண்முகம் 1990இல் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் திரட்டிய தகவலில் இந்த மதிப்பு அன்றைய விலையிலேயே ஒரு கோடியைத் தாண்டியது.

இரண்டாவது வழி, பாதுகாப்புக்காக மக்கள் வாங்குகிற பொருள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் 1,200 ரூபாய், மூன்று வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 400. ஹெல்மெட் உயிரிழப்பு வாய்ப்பைச் சுமார் 42 சதவீதம் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. பைக் ஓட்டுபவரின் ஆபத்து வருடத்துக்கு 10,000இல் 3 என்று கொண்டால் குறைவது 10,000இல் 1.26. 400ஐ இதால் வகுத்தால் ஏறக்குறைய 32 லட்சம். விருப்பப்பட்டு ஹெல்மெட் வாங்கியவர் தன் உயிராபத்தைக் குறைந்தது இந்த அளவுக்கு மதிக்கிறார் என்று பொருள். இது கீழ் வரம்பு மட்டுமே. 2,000 சொல்லியிருந்தாலும் அவர் வாங்கியிருக்கலாம். போடாதவர் உயிரை மதிக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சித்திரை வெயிலில் சேலத்து ஜங்ஷனில் சிக்னலுக்கு நின்றவர்களுக்கு அது தெரியும்.

மூன்றாவது, நேரடியாகக் கேட்பது. "பாதுகாப்பான பஸ்ஸுக்கு எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள்?" என்று மொட்டையாகக் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். பள்ளிக்கூட கிராஃப் தாளை எடுங்கள். நீளம் 10 செ.மீ., அகலம் 10 செ.மீ. வெட்டினால் அதில் சரியாக 10,000 சிறு கட்டங்கள் இருக்கும். மூன்று கட்டங்களைச் சிவப்பாக்கி, "இத்தனை பேரில் வருடத்துக்கு மூன்று பேர்" என்று காட்டுங்கள். இன்னொரு தாளில் இரண்டு கட்டம். இதிலிருந்து அதற்குப் போக வருடத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் வேறு ஆட்களிடம் மூன்றிலிருந்து ஒன்றுக்குப் போக எவ்வளவு என்று கேளுங்கள். பயன் இரட்டிப்பு, ஆகவே தொகையும் ஏறக்குறைய இரட்டிப்பாக வரவேண்டும். இரண்டு கூட்டமும் ஒரே தொகையைச் சொன்னால் அவர்கள் கட்டங்களைப் பார்க்கவில்லை. அந்தப் பதில்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இந்தச் சோதனை இல்லாத சர்வே எதையும் நான் நம்புவதில்லை. டெல்லியில் 2005இல் சாலையில் தினமும் போய்வருபவர்களிடம் இந்த வகையில் கேட்டு ஆய்வாளர்கள் கண்ட மதிப்பு சுமார் 13 லட்சம். சென்னையின் கூலிக் கணக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முறை மாறினால் எண் இந்த அளவுக்கு மாறும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் வேறு நாட்டின் எண்ணைக் கடன் வாங்கலாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023க்கு வைத்திருந்த எண் 1 கோடியே 32 லட்சம் டாலர். நம் தலா வருமானம் அவர்களுடையதில் சுமார் 32இல் ஒரு பங்கு. அதே விகிதத்தில் சுருக்கி, டாலர் 83 ரூபாய் என்று மாற்றினால் சுமார் 3 கோடியே 40 லட்சம். வருமானம் குறையும்போது மக்கள் பாதுகாப்புக்கு ஒதுக்குவது அதைவிட வேகமாகக் குறையும் என்று சிலர் வாதிட்டு, அந்த விகிதத்துக்கு ஒன்றரை என்ற அடுக்கெண்ணைப் போடுவார்கள்; 32இல் ஒரு பங்கு என்பது சுமார் 181இல் ஒரு பங்காகிவிடும். அப்போது வெறும் 60 லட்சம். ஒரே ஒரு அடுக்கெண் மாறியதில் இவ்வளவு வேறுபாடு. கடன் வாங்கிய எண்ணை யாராவது காட்டினால், முதலில் அந்த அடுக்கு என்ன என்று கேளுங்கள்.

யாருடைய சட்டைப்பை?

மேலே சொன்ன எல்லா வழிகளும் கடைசியில் ஒருவர் கையில் இருக்கும் பணத்தைத்தான் படிக்கின்றன. என் தம்பியிடம் ஒருமுறை கேட்டேன், இந்த 300 ரூபாய் உன் ஆபத்துக்குப் போதுமா என்று. "போதுமான்னு யாரு அக்கா பாத்தா? ரெண்டு மாசம் ஏறுனா புள்ளைங்க ஸ்கூல் பீஸ் கட்டிரலாம். அதான் ஏறுறேன்" என்றான். சூத்திரத்தில் போட்டால் அவன் தன் உயிரைக் குறைவாக மதிக்கிறான் என்று வரும். அவனிடம் குறைவாக இருப்பது பணம்.

இது உலக அளவில் பெரிய சண்டையாகவே வெடித்திருக்கிறது. 1995இல் பருவநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. குழுவின் அறிக்கையில் பணக்கார நாட்டு உயிருக்கு 15 லட்சம் டாலர், ஏழை நாட்டு உயிருக்கு 1.5 லட்சம் டாலர் என்று போட்டிருந்தார்கள். இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. 2003இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை, 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 37 சதவீதம் குறைத்துப் போட்ட ஒரு கணக்கு வெளியே தெரிந்து, முதியவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள்.

என் வழி இதுதான்: ஒரே சாலைக்கு ஒரே எண். ஏற்காடு பஸ்ஸில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், பின்னாலேயே பெங்களூரிலிருந்து காரில் சுற்றுலா வந்தவர்கள் இருப்பார்கள். பள்ளத்தின் ஆழம் இருவருக்கும் ஒன்றுதான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் ஏழை, பணக்காரர், வயதானவர், இளைஞர் என்று பிரிக்காமல் ஒரே எண்ணைத்தான் பயன்படுத்துகிறது. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும். சாலையில் போகிறவர்களிடமே முழுச் செலவையும் கட்டணமாக வசூலிப்பதாக இருந்தால், ஏழைகளால் தர முடியாத தொகைக்கு அவர்களைக் கேட்காமல் பாதுகாப்பைத் திணிப்பது சரியாக இருக்காது. அரசுப் பணத்தில் போடும் தடுப்புக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

சரி, வளைவுக்கு வருவோம்

ஏதோ ஒரு வளைவு. 10 வருடத்தில் 2 பேர் இறந்திருக்கிறார்கள், 12 பேருக்குப் பலத்த காயம் என்று கொள்வோம். கிராஷ் பேரியர் போட 40 லட்சம், பராமரிப்புக்கு வருடம் ஒரு லட்சம், 15 வருடம் நிற்கும், சாவையும் காயத்தையும் 40 சதவீதம் குறைக்கும். இவை உதாரணத்துக்கான எண்கள். நீங்கள் பொறியாளரிடம் கேட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள்.

வருடத்துக்கு 0.2 சாவு. அதில் 40 சதவீதம் என்றால் 0.08. பிற்காலத்துப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர, 10 சதவீத வட்டியில் 15 வருடத்துக்குப் பெருக்கும் எண் சுமார் 7.6. ஆக இன்றைய மதிப்பில் மொத்தச் செலவு 40 + (1 × 7.6) = 47.6 லட்சம். உயிரிழப்பின் மதிப்பை 60 லட்சம் என்று போட்டால் பயன் 0.08 × 60 × 7.6 = 36.5 லட்சம். தடுப்பு வேண்டாம் என்று ஆகிவிடும். 90 லட்சம் என்றால் 54.7 லட்சம், வேண்டும்.

எந்த எண் சரி என்று சண்டை போடுவதற்குமுன் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 47.6ஐ 0.08 × 7.6 ஆல் வகுத்தால் சுமார் 78 லட்சம். செலவும் பயனும் சமமாகும் இடம் அது. "வேண்டாம்" என்று சொல்கிற அதிகாரி, இந்தச் சாலையில் ஓர் உயிரிழப்பைத் தவிர்ப்பது 78 லட்சம் பெறாது என்று சொல்வதாகத்தான் அர்த்தம். இந்த ஒரு எண் மனுவில் கட்டாயம் இருக்கவேண்டும்.

இன்னும் காயங்களைச் சேர்க்கவில்லை. மனு எழுதும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை காயங்களையும் உயிரிழப்பின் பங்காக மதிக்கிறது. ஆறு படிகள் உள்ள அவர்கள் அட்டவணையில் மூன்றாவது படியான பலத்த காயத்துக்கு 10.5 சதவீதம். நம் வளைவில் வருடத்துக்கு 1.2 பலத்த காயம், அதில் குறைவது 0.48. அதை 0.105ஆல் பெருக்கினால் 0.05 உயிரிழப்புக்குச் சமம். 0.08உடன் சேர்த்தால் 0.13. இப்போது திரும்ப வகுத்துப் பாருங்கள்: சமமாகும் இடம் 78 லட்சத்திலிருந்து 48 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. 60 லட்சம் என்று வைத்தால்கூட தடுப்பு தேறிவிடும். இடுப்பு முறிந்து ஆறு மாதம் படுத்திருந்து, பிறகு ஏணி ஏற முடியாமல் போனவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கு கணக்கே இல்லை.

தகவல் திரட்டுவதில் இதுதான் கஷ்டமான பகுதி. உயிரிழப்புகள் காவல் நிலைய எஃப்ஐஆரில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால், இடம், தேதி வாரியாக எண்ணிக்கை வாங்கலாம், பெயர்கள் தேவையில்லை. காயங்கள் பாதிக்கு மேல் போலீஸுக்கே போகாது. அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். என்று சொல்வதில், கொஞ்சம் கிடைக்கும். புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவர்கள் அதிலும் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நாகலூர், வாழவந்தி என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதவேண்டும். எந்த வருடம், எந்த வளைவு, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்ற மூன்று கேள்வி போதும்.

மனுவின் முதல் பக்கத்தில் நான்கு எண்களை எழுதுங்கள்: செலவு, குறையும் சாவு, குறையும் காயம், சமமாகும் மதிப்பு. அடுத்த பக்கத்தில் 60 லட்சத்துக்கு ஒரு விடை, 90 லட்சத்துக்கு ஒரு விடை, 3 கோடியே 40 லட்சத்துக்கு ஒரு விடை. தடுப்பு 40 சதவீதத்துக்குப் பதில் 25 சதவீதம்தான் குறைத்தால் என்ன ஆகும் என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள். கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.